காப்பகத்து மரணங்கள்: காலனியக் கால மனநோய் மருத்துவமனைகளின் இறப்புக் கணக்கை வாசிக்கும் முறை

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் இயங்கிய மனநோய்க் காப்பகங்கள் ஆண்டுதோறும் அரசுக்கு அறிக்கை அனுப்பி வந்தன. ஆண்டின் முதல் நாளில் எத்தனை பேர் இருந்தனர், புதிதாக எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர், குணமடைந்து வெளியேறியோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர் என்பதை அந்த அறிக்கைகளின் அட்டவணைகள் கட்டம் கட்டமாகக் காட்டுகின்றன. இறந்தோர் எண்ணிக்கையை ஒட்டி ஒரு சதவீதமும் இருக்கும். அதுதான் காப்பகத்தின் இறப்பு விகிதம். மருத்துவ வரலாற்றை முதன்முறையாகப் படிக்க வருபவர், அந்த எண் உயர்ந்திருந்தால் மனநோயின் கடுமையால் பலர் மாண்டனர் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. அந்த எண்ணம் பெரும்பாலும் தவறானது. காப்பகங்களில் இறந்தவர்களில் மிகப் பலர் வயிற்றுப்போக்காலும் சீதபேதியாலும் காசநோயாலும் ஊட்டக்குறைவாலும் இறந்தவர்கள். அவர்களுடைய மனநோய் அவர்களை அந்த வளாகத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது. உயிரைப் பறித்தது அங்கிருந்த தண்ணீரும் உணவும் நெரிசலும், உடல்நோயைக் காணத் தவறிய கண்களும். இந்தக் கட்டுரை அந்த ஒற்றை எண் எப்படிக் கணக்கிடப்பட்டது, அதற்குள் எவையெல்லாம் அடங்கியிருந்தன என்பதைப் புதிதாகப் படிப்போருக்காக விளக்க முயல்கிறது.

சென்னையில் 1794 இல் வாலன்டைன் கானலி என்ற அறுவை மருத்துவரின் பொறுப்பில் மனநோயாளிகளுக்கான ஓர் இல்லம் தொடங்கியது. அதன் வழிவந்த அரசுக் காப்பகம் 1871 இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்று அழைக்கப்பட்ட பரந்த நிலத்துக்கு இடம் மாறியது. 1922 இல் அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் மாற்றம் பெற்றது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் இதைத் தவிரக் கோழிக்கோட்டிலும் விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேரிலும் காப்பகங்கள் இருந்தன. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த தென்னார்க்காடு மாவட்டத்துக்கு இம்மூன்றில் அருகில் இருந்தது சென்னைதான். அருகில் என்று சொன்னாலும் இடையில் சுமார் 180 கிலோமீட்டர் இருந்தது. 1870களில் ரயில் பாதை வருவதற்கு முன்னர், கடலூரிலிருந்து அவ்வளவு தூரம் செல்வதே ஒரு நோயாளியின் உடலுக்குப் பெருஞ்சுமையாக இருந்திருக்கும்.

அந்தப் பயணம் எப்படித் தொடங்கியது என்பதை 1858 ஆம் ஆண்டின் 36 ஆவது சட்டம் வரையறுத்தது. தெருவில் திரிந்துகொண்டிருக்கும் மனநோயாளி என்றோ, பிறருக்கு ஆபத்தானவர் என்றோ கருதப்பட்டவரைப் பிடித்து மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்துவது காவல் அதிகாரியின் கடமை. மருத்துவ அதிகாரி ஒருவர் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுத்த பின்னர், காப்பகத்தில் சேர்க்கும் ஆணையை மாஜிஸ்திரேட் பிறப்பிப்பார். பின்னர் வந்த 1912 ஆம் ஆண்டின் இந்திய மனநோயாளர் சட்டம், நோயைத் தீர்மானிப்பதற்காக ஒருவரைக் கண்காணிப்பில் வைத்திருக்கும் காலத்தை முதலில் 10 நாள் என்றும், நீட்டித்தாலும் மொத்தம் 30 நாளுக்கு மேற்படக் கூடாது என்றும் நிர்ணயித்தது. கடலூரின் மஞ்சக்குப்பத்துக் கச்சேரியில் ஆணை பெற்ற ஒருவர், சென்னைக் காப்பகத்தின் வாயிலைக் கடப்பதற்குள் தெரு, காவல் நிலையம், கண்காணிப்பு அறை, நெடும்பயணம் ஆகிய அனைத்தையும் கடந்தாக வேண்டும். அவருடைய உடல் அங்கே எந்த நிலையில் போய்ச் சேர்ந்தது என்பது பின்னர் அவருடைய மரணக் கணக்கில் பெரும்பங்கு வகித்தது. கடலூரிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் சென்றால் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சு ஆட்சி. ஆங்கிலேயரின் இந்தச் சட்டங்களுக்கு அங்கே இடமில்லை. பிரான்சு நாட்டில் 1838 ஜூன் 30 ஆம் நாள் இயற்றப்பட்ட சட்டம், ஒவ்வொரு மாவட்டமும் மனநோயாளிகளுக்கென்று ஒரு காப்பகத்தை வைத்திருக்க வேண்டும் அல்லது வேறொரு காப்பகத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று கூறியதோடு, உறவினர் வேண்டுகோளின்படி சேர்ப்பதையும் அரசு ஆணையின்படி சேர்ப்பதையும் தனித்தனியே பிரித்து வைத்தது. புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றுக்கு வேலைத் தொடர்பு இருந்த சைகோன் நகரத்துக்கு அருகே, பியென் ஹோவா என்ற இடத்தில் பிரெஞ்சு அரசு 1919 இல் ஒரு பெரிய காப்பகத்தைத் திறந்தது. அதுவும் விரைவிலேயே நெரிசலில் திணறியது.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். ஒரு காப்பகத்தின் இறப்பு விகிதத்தைக் கணக்கிட, ஓர் ஆண்டில் இறந்தோர் தொகையை வேறொரு தொகையால் வகுக்க வேண்டும். எதால் வகுப்பது என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. ஒரு சத்திரத்தில் ஆண்டு முழுவதும் வந்து தங்கிச் சென்றோரைக் கூட்டினால் ஆயிரம் பேர் வரலாம். ஆனால் எந்த ஓர் இரவிலும் அங்கே படுத்திருப்பவர் இருபது பேராக இருக்கலாம். காப்பகத்திலும் இப்படி இரண்டு தொகைகள் உண்டு. ஆண்டு முழுவதும் கவனிக்கப்பட்டோர் அனைவரின் கூட்டுத்தொகை ஒன்று. ஒவ்வொரு நாளும் அங்கிருந்தோரை எண்ணி, அந்த எண்ணிக்கைகளைக் கூட்டி, நாட்களால் வகுத்துப் பெறும் தினசரிச் சராசரி மற்றொன்று. கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஜனவரி முதல் நாளில் ஒரு காப்பகத்தில் 200 பேர் இருக்கின்றனர். ஆண்டுக்குள் 100 பேர் வருகின்றனர், 70 பேர் வெளியேறுகின்றனர், 30 பேர் இறக்கின்றனர். ஆண்டு முடிவிலும் 200 பேரே இருக்கின்றனர். தினசரிச் சராசரியும் 200 என்று கொண்டால் இறப்பு விகிதம் 15 சதவீதம். கவனிக்கப்பட்டோர் மொத்தம் 300 என்று கொண்டால் அதே மரணங்கள் 10 சதவீதமாகச் சுருங்கிவிடுகின்றன. எவரும் உயிர் பிழைத்துவிடவில்லை. வகுக்கும் தொகை மட்டுமே மாறியிருக்கிறது. ஆகவே பழைய அறிக்கை ஒன்றிலிருந்து ஒரு சதவீதத்தை எடுத்து மேற்கோள் காட்டுவதற்கு முன், அட்டவணையின் தலைப்பில் எந்தத் தொகை குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது இன்றியமையாதது. சிறைச்சாலைகளும் தினசரிச் சராசரியையே கையாண்டதால், பாரதியார் 1918 இல் அடைபட்டிருந்த கடலூர்ச் சிறை போன்ற நிறுவனங்களின் கணக்கையும் காப்பகங்களின் கணக்கையும் அன்றைய அதிகாரிகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

தினசரிச் சராசரியே நேர்மையான வகுஎண் என்று நான் கருதுகிறேன். ஆயினும் அதுவும் சிலவற்றை மறைக்கும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் இறந்த 30 பேரில் 20 பேர் சேர்க்கப்பட்ட முதல் சில வாரங்களிலேயே இறந்திருந்தால், புதிதாக வருவோருக்கு அந்தக் காப்பகம் மிக ஆபத்தான இடம் என்பது பொருள். ஆனால் பல ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்துவரும் நூற்றுக்கும் மேற்பட்டோர் சராசரியில் கலந்திருப்பதால் அந்த ஆபத்து வெளியே தெரியாது. மற்றொன்று, இறக்கும் தறுவாயில் இருக்கும் நோயாளியை உறவினரிடம் ஒப்படைத்துவிட்டால் அந்த மரணம் வெளியேறியோர் கட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடும். வெளியுலகத்தோடு ஒப்பிடும்போது எச்சரிக்கை இன்னும் அதிகம் வேண்டும். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவான இறப்பு ஆயிரத்துக்கு 30ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தது. அதாவது சுமார் 3 சதவீதம். அந்த 3 சதவீதத்தில் பெரும்பங்கு கைக்குழந்தைகளுடையதும் சிறுவர்களுடையதும் ஆகும். காப்பகத்திலோ ஏறக்குறைய அனைவரும் பெரியவர்கள். பெரியவர்கள் மட்டுமே வாழும் ஓரிடத்தில் விகிதம் வெளியுலகத்தின் அளவில் இருந்தாலே அது கவலைக்குரியது. அதைப்போலப் பல மடங்கு இருந்தால் அந்த இடத்தில் ஏதோ ஒன்று கொன்றுகொண்டிருக்கிறது.

கொன்றது எது என்பதைக் காரணங்களின் அட்டவணை ஓரளவு சொல்கிறது. பேதி, சீதபேதி, காலரா, காசநோய், நிமோனியா, ரத்தசோகை, பொதுத் தளர்ச்சி ஆகிய பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மூளையோடு நேரடியாகத் தொடர்புடைய மரணங்களும் உண்டு. அடுத்தடுத்து விடாமல் வரும் வலிப்பு ஒரு காரணம். வலிப்பு நோயாளிகளுக்கு அன்று வேறு இடம் இல்லாததால் அவர்களில் பலர் காப்பகங்களிலேயே வாழ்ந்தனர், இரவில் வலிப்பு வந்து முகம் தலையணையில் புதைந்து மூச்சுத் திணறி இறப்பதும் நேர்ந்தது. சிபிலிஸ் நோய் மூளையைத் தாக்கிப் படிப்படியாக முடக்கும் பொதுப் பக்கவாதம் இன்னொரு காரணம். ஐரோப்பியக் காப்பகங்களில் அது மிகப் பெரிய கொலையாளியாக இருந்தது. நாட்கணக்கில் உறக்கமும் உணவும் இன்றிக் கொந்தளிக்கும் பித்து நிலையில் உடல் களைத்து இறந்தோரும் உண்டு. ஆனால் குடலையும் நுரையீரலையும் தாக்கிய தொற்றுகளோடு வைத்துப் பார்க்கும்போது இவை ஒதுங்கி நிற்கின்றன.

இந்தத் தொற்றுகள் காப்பகத்தில் ஏன் இவ்வளவு எளிதாகப் பரவின என்பதை ஆற அமரச் சிந்திக்க வேண்டும். படுக்கையிலேயே மலம் கழிப்பவர், மண்ணையும் கழிவையும் எடுத்து வாயில் போடுபவர், கை கழுவ வேண்டும் என்ற நினைவே இல்லாதவர் ஆகியோர் ஒரே கூடத்தில் அடுத்தடுத்துப் படுத்திருந்தனர். ஒருவருக்குச் சீதபேதி வந்தால் அது கூடம் முழுவதற்கும் வந்தது. இங்கிலாந்துக் காப்பகங்களிலும் இந்த நோய் நிரந்தரமாகக் குடிகொண்டிருந்ததால், காப்பகச் சீதபேதி என்று அதற்குத் தனிப் பெயரே வழங்கியது. தண்ணீரைப் பற்றி ஒரு செய்தி: செங்குன்றம் ஏரி நீர் சென்னை நகருக்கு 1872 முதல் வரத் தொடங்கியபோதும், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்து வடிகட்டிய நீர் கிடைத்தது 1914 இல்தான். காலராவின் நுண்ணுயிரை ராபர்ட் காக் 1884 இல் கல்கத்தாவில் ஆய்ந்து அறிவித்தபின் முப்பது ஆண்டு கழிந்திருந்தது. காசநோய்க் கிருமி 1882 இலேயே கண்டறியப்பட்டது. ஆனால் இருமும் நோயாளியைத் தனியே படுக்கவைக்க இடம் இருந்தால்தானே அந்த அறிவு பயன்படும்?

இவை எல்லாவற்றினும் என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. உடல்நோயைக் கண்டுபிடிக்க மருத்துவர் முதலில் நம்பியிருப்பது நோயாளியின் சொல்லை. வயிறு வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது, மலத்தில் ரத்தம் வருகிறது என்று அவர் சொல்ல வேண்டும். கேட்பவர் அதை நம்ப வேண்டும். தன் வயிற்றில் பாம்பு நெளிகிறது என்று ஒருவர் கதறினால், அதை மனப்பிரமை என்று குறித்துக்கொள்ளும் மருத்துவர் அவருடைய குடலைத் தொட்டுப் பார்க்காமல் போகலாம். பேச்சையே நிறுத்திவிட்டவர் வலியைச் சொல்வதே இல்லை. மனநோய் என்ற முத்திரை உடல்நோயை மறைத்துவிடும் இந்தச் சிக்கலை இன்றைய மருத்துவமும் ஓர் அபாயமாகவே கற்பிக்கிறது. காலனியக் காப்பகத்தில் அது இன்னும் கூர்மையாக இருந்தது. கண்காணிப்பாளர் பெரும்பாலும் மாவட்ட அல்லது நகர மருத்துவப் பணியோடு காப்பகத்தையும் சேர்த்துப் பார்த்த ஐரோப்பிய மருத்துவர்; நோயாளியின் மொழி அவருக்குத் தெரியாது. இடையில் நின்று மொழிபெயர்த்தவர் துணை மருத்துவர். நாள் முழுவதும் நோயாளியோடு இருந்தவரோ குறைந்த சம்பளத்தில் அமர்த்தப்பட்ட, மருத்துவப் பயிற்சி இல்லாத காவலாள். மலத்தின் நிறம் மாறியதையும் சோறு மிஞ்சியதையும் முதலில் கண்டிருக்கக்கூடியவர் அவரே. அவர் கண்டதைச் சொன்னாரா, சொன்னதை எவரேனும் கேட்டார்களா என்பதில் ஓர் உயிர் தொங்கியது. சட்டம் இதற்கு ஒரு காப்பு வைத்திருந்தது. 1912 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பார்வையாளர் குழுவில் குறைந்தது இருவர், அவர்களுள் ஒருவர் மருத்துவ அதிகாரியாக, மாதம் ஒருமுறையாவது காப்பகத்தின் ஒவ்வொரு பகுதியையும் சேர்ந்து பார்வையிட வேண்டும். சீதபேதி ஒருவரைக் கொல்ல ஒரு மாதம் தேவையில்லை.

சிகிச்சை என்று என்ன இருந்தது? மனத்துக்கு என்று தரப்பட்டவை பெரும்பாலும் அமைதிப்படுத்தும் மருந்துகள்: பொட்டாசியம் புரோமைடு, 1869 முதல் பயன்பாட்டுக்கு வந்த குளோரல் ஹைட்ரேட், 1880களில் வந்த பாரால்டிஹைடு, இவற்றோடு அபின். இவை தூங்கவைத்தன, நோயைத் தீர்க்கவில்லை. அளவு மிகுந்தால் மூச்சையும் தளர்த்தின. நெசவு, தோட்டவேலை, எண்ணெய் ஆட்டுதல் போன்ற உழைப்பும் சிகிச்சையாகவே கருதப்பட்டது. உழைக்கும் உடல்வலு உள்ளவருக்கே அது கிட்டியது என்பதால், குணமடைந்தோர் பட்டியலில் அவர்களே மிகுதியாக இடம்பெற்றதில் வியப்பில்லை. உண்ண மறுத்தவருக்குக் குழாய் வழியாக உணவு செலுத்தினர். குழாய் தவறி உணவு நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியா வரும். உடல்நோய்களுக்கான மருந்துகளில் முன்னேற்றம் மெல்லவே வந்தது. அமீபாவால் வரும் சீதபேதிக்கு எமெட்டின் ஊசி 1912 இல் கல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸ் என்பவரின் ஆய்வால் நிலைபெற்றது. காலரா நோயாளியின் ரத்தநாளத்தில் உப்புநீர் ஏற்றும் முறையையும் அவரே செம்மைப்படுத்தினார். சிபிலிஸைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை 1906 இல் வந்தது. பொதுப் பக்கவாத நோயாளிகளின் மூளையில் அதன் கிருமி 1913 இல் காணப்பட்டது. 1917 இல் வியன்னாவில் வாக்னர் யாவுரெக், நோயாளிக்கு வேண்டுமென்றே மலேரியாக் காய்ச்சலை உண்டாக்கி அந்த வாதத்தைத் தணிக்கும் முறையைத் தொடங்கினார், அதற்காக 1927 இல் நோபல் பரிசும் பெற்றார். நம் நாட்டு வைத்தியம் மனநோய்க்கு மருந்தாக நெடுங்காலமாக அறிந்திருந்த சர்ப்பகந்தா வேரைப் பற்றி கணநாத் சென், கார்த்திக் போஸ் என்ற இரு வங்க மருத்துவர்கள் 1931 இல் எழுதினர். உலகம் அதைக் கவனிக்க இன்னும் இருபது ஆண்டு ஆயிற்று.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் காப்பகத்து மரணத்துக்கும் சோற்றுக்கும் உள்ள உறவை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒரு காலனியக் காப்பகத்தில்தான் நடந்தது. அதில் இந்தியாவிலிருந்து கப்பலேறிய புழுங்கலரிசிக்கும் பங்கு உண்டு. மலேயாவின் கோலாலம்பூர் மனநோய்க் காப்பகத்தில் 1905 இல் பெரிபெரி என்ற நோய் கடுமையாகப் பரவியது. கால்கள் வீங்கி, நரம்புகள் மரத்து, இறுதியில் இதயம் நின்றுவிடும் நோய் அது. வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண் பெற்றவர்களுக்கு அதுவரை வழங்கிவந்த சயாம் நாட்டுத் தீட்டிய பச்சரிசிச் சோறு. இரட்டைப்படை எண் பெற்றவர்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசிச் சோறு. மற்ற உணவெல்லாம் இரு சாராருக்கும் ஒன்றே. நோய்க்குக் கட்டடம் காரணமாக இருக்கக்கூடும் என்பதால் இரு பிரிவினரையும் இடையில் இடம் மாற்றியும் பார்த்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 34 பேருக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவர்களும் சேரும்போதே நோயோடு வந்தவர்கள். அந்தப் பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. முடிவுகள் 1907 இல் வெளியாயின.

நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது, தவிட்டை ஒட்டியிருக்கும் தயமின் என்ற ஊட்டச்சத்து அரிசியின் உட்பகுதிக்குள் ஊறிப் போய்விடுகிறது. பின்னர் தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடுகிறது. மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டதன் காரணமும் இதுவே. கடலூர்ப் பக்கத்து வீடுகளில் அன்றாடம் செய்துவந்த நெல் அவிக்கும் வேலைக்குள் இவ்வளவு பெரிய காப்பு அடங்கியிருந்தது. ஆனால் இந்த ஆய்வை மருத்துவ வெற்றியாக மட்டும் எழுதிச் செல்ல என்னால் இயலவில்லை. இறந்த 18 பேரும் எந்த அரிசி தமக்கு வேண்டும் என்று கேட்கப்படாதவர்கள், மறுக்க இயலாதவர்கள். அவர்கள் எங்கும் போக முடியாமல் ஒரே வளாகத்தில் ஒரே சமையலை உண்டவர்கள் என்பதாலேயே அந்த ஆய்வு அவ்வளவு துல்லியமாக அமைந்தது. உணவு குறைந்தால் காப்பகத்தில் என்ன நேரும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சில், பங்கீட்டு உணவை மட்டுமே நம்பி அடைபட்டிருந்த மனநோயாளிகளில் சுமார் 45,000 பேர் பட்டினியாலும் அதன் விளைவுகளாலும் இறந்தனர். அங்கே நுண்ணுயிரியலும் மருத்துவக் கல்வியும் சிறந்தே இருந்தன. வெளியே சென்று ஒரு ரொட்டித் துண்டு தேடிக்கொள்ள நோயாளிக்கு வழி இருக்கவில்லை.

தென்னார்க்காட்டு மக்கள் பட்டினியை நன்கு அறிந்தவர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் பல லட்சம் உயிர்கள் அழிந்தன. பஞ்ச காலத்தில் ஊரை விட்டு வெளியேறித் தெருத்தெருவாக அலைந்தோரில், பசியால் நினைவு தடுமாறியவர் யார், மனநோயாளி யார் என்று பிரிப்பது எளிதன்று. எலும்பும் தோலுமாகக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டவரின் குடல் சாதாரண உணவையும் ஏற்காது. பேதி கண்டு சில நாட்களில் இறப்பார். ஆண்டறிக்கையில் அது காப்பகத்தின் மரணமாக ஏறும். கண்காணிப்பாளர்கள் தம் விளக்கக் குறிப்புகளில் நோயாளிகள் வரும்போதே மோசமான நிலையில் இருந்தனர் என்று எழுதுவது வழக்கம். அந்த விளக்கம் பல சமயம் உண்மையே. ஆனால் எல்லா ஆண்டிலும் அதே விளக்கம் வருமானால், படிப்பவர் அந்தக் காப்பகத்தின் கிணற்றையும் சமையற்கூடத்தையும் பற்றி விசாரிக்க வேண்டும்.

காரணக் கட்டங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு அரசே நடத்திய ஒரு விசாரணை நல்ல பாடம். இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு 1893-94 இல் காப்பகப் பதிவுகளைத் துருவிப் பார்த்தது. 1892 இல் இந்தியக் காப்பகங்களில் சேர்க்கப்பட்ட 1,344 பேரில் 222 பேருக்கு மனநோய்க்குக் காரணம் கஞ்சா, பாங்கு முதலியவை என்று எழுதப்பட்டிருந்தது. ஒவ்வொருவரின் ஊருக்கும் ஆளனுப்பி விசாரித்தபின், 98 பேர் விஷயத்தில் மட்டுமே, வேறு காரணங்களோடு சேர்ந்தவற்றையும் கூட்டி, அப்படிக் கொள்ள இடமிருந்தது. மற்றவை எப்படி நுழைந்தன? நோயாளியோடு வரும் விவரப் படிவத்தை நிரப்பியவர் பெரும்பாலும் காவலர். காரணம் என்ற கட்டம் வெறுமையாக இருக்கக் கூடாது. கஞ்சா என்று எழுதுவது எளிது. காப்பகமும் அதையே தன் ஏட்டில் படியெடுத்துக்கொண்டது. மனநோயின் காரணத்துக்கு நேர்ந்த இதே கதி மரணத்தின் காரணத்துக்கும் நேரக்கூடியதே. தளர்ச்சி, மெலிவு, ரத்தசோகை என்ற சொற்கள் நோயின் பெயர்கள் ஆகா. நீண்டநாள் குறைவுணவு, கொக்கிப்புழு, காசநோய், ஆறாத படுக்கைப்புண் ஆகிய எதுவும் அவற்றுக்குள் ஒளிந்திருக்கலாம். ஓர் அட்டவணையில் இத்தகைய பெயர்கள் மிகுந்திருந்தால், அந்தக் காப்பகத்தில் நோயறிதல் பலவீனமாக இருந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

அச்சான அந்த அறிக்கைகளில் இறந்தவருக்குப் பெயர் இல்லை. எண்ணும், பாலினமும், மதமும், சில வேளை வயதும் மட்டுமே உண்டு. பெயர் இருந்தது காப்பகத்தின் உள் ஏடுகளில். எல்லைக்கு அப்பால் புதுச்சேரியில் ஆவணத்தின் வடிவம் வேறு. பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின்படி, மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் அதன் பொறுப்பாளர் 24 மணி நேரத்துக்குள், மக்கள் மேரி என்று சொல்லும் நகராட்சியின் எத்தா சிவில், அதாவது பிறப்பு இறப்புப் பதிவு, அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவேட்டில் இறந்தவரின் பெயர், வயது, தொழில், பெற்றோர் பெயர் எல்லாம் ஏறும். ஆனால் இறப்பின் காரணம் அதில் எழுதப்படுவதில்லை. கொடிய மரணமானாலும், சிறையில் நேர்ந்த மரணமானாலும், அந்தச் சூழ்நிலையைப் பதிவேட்டில் குறிப்பிடவே கூடாது என்று அச்சட்டம் விலக்கிவைத்தது. ஆகவே ஆங்கிலேயரின் அறிக்கையைப் படிப்பவருக்குப் பெயரில்லாத காரணங்களும், பிரெஞ்சுப் பதிவேட்டைப் படிப்பவருக்குக் காரணமில்லாத பெயர்களும் கிடைக்கின்றன. தம் கொள்ளுப்பாட்டனின் சகோதரர் ஒருவர் என்ன ஆனார் என்று தேடும் கடலூர்க் குடும்பமும் புதுச்சேரிக் குடும்பமும் வெவ்வேறு வழியில் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

விடுதலைக்கு முந்தைய ஆண்டில் வெளியான, ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையில் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த அரசுக் குழுவின் அறிக்கைக்காக, ராஞ்சி மருத்துவமனையின் மூர் டெய்லர் நாட்டின் 19 மனநல மருத்துவமனைகளைப் பார்வையிட்டார். அவற்றில் மொத்தம் 10,181 படுக்கைகளே இருந்தன. பெரும்பாலானவை காலாவதியான கட்டடங்கள் என்றும், குணப்படுத்துவதை மனத்தில் கொள்ளாமல் அடைத்துக் காப்பதற்கே கட்டப்பட்டவை என்றும் அவர் முடிவுகட்டினார். பெயர் காப்பகத்திலிருந்து மருத்துவமனையாக மாறிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்த நிலை இது. அதையொட்டிய ஆண்டுகளில் பெனிசிலின் சிபிலிஸையும், ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயையும் அடக்கத் தொடங்கின. 1952 இல் பாரிசில் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்பட்டது. நோயாளிகள் வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெறும் காலம் அதன்பின்தான் பிறந்தது.

மரணத்தின் காரணங்களும் அதோடு உருமாறின. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெரும்பாலும் தடுக்கக்கூடிய உடல்நோய்களால். சீதபேதி இருந்த கட்டத்தில் இன்று மாரடைப்பும் நீரிழிவும் வந்து அமர்ந்திருக்கின்றன. மனநோய்க்கான சில மாத்திரைகள் எடையையும் ரத்தச் சர்க்கரையையும் கூட்டுவதும் அதற்கு ஒரு காரணம். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21 ஆவது பிரிவு, மனநோய் உள்ளவருக்கு அவசர மருத்துவ வசதி உட்பட அனைத்தும் உடல்நோயாளிக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. கடலூர் அரசு மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ ஒருவரை மாதாந்தர மருந்துக்காக அழைத்துச் செல்லும் உறவினர், அவருடைய எடையையும் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கும்படி கேட்பதற்கும், நெஞ்சு வலிக்கிறது என்று அவர் சொன்னால் உடனே பரிசோதிக்கும்படி வற்புறுத்துவதற்கும் இந்தப் பிரிவே சட்ட ஆதாரம்.